எஸ்ஏஎன்எஃப்எல்-இல் ஏஎஃப்எல் ரிசர்வ் அணிகள்: கணக்கு எங்கே இடிக்கிறது?

#1 – கோல்கம்பம்

ஆஸ்திரேலியக் கால்பந்தின் தேசிய லீக் ஏஎஃப்எல்; தெற்கு ஆஸ்திரேலியாவின் மாநில லீக் எஸ்ஏஎன்எஃப்எல். இந்த மாநில லீக்கில் அடிலெய்ட் குரோஸ், போர்ட் அடிலெய்ட் என்ற இரண்டு ஏஎஃப்எல் கிளப்புகளின் ரிசர்வ் அணிகளும் (அந்த வார ஏஎஃப்எல் ஆட்டத்துக்குத் தேர்வாகாதவர்கள் ஆடும் இரண்டாம் அணிகள்) 2014 முதல் ஆடுகின்றன. நார்வுட், ஸ்டர்ட், கிளெனெல்க், நார்த், சவுத், வெஸ்ட், சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட், உட்வில்–வெஸ்ட் டாரன்ஸ் என்ற எட்டோடு இந்த இரண்டும் சேர்ந்து பத்து. பேச்சு எடுத்தாலே "லீக்கைக் கெடுத்துட்டாங்க" என்று ஒரு கட்சி, "ஆட்டத்தரம் உயர்ந்திருக்கு" என்று இன்னொரு கட்சி. அதோடு இழை செத்துவிடுகிறது.

இந்த முறை வாரக் கணக்கிலிருந்து தொடங்குவோம். ரிசர்வ் அணியில் 22 பேர் எங்கிருந்து வருகிறார்கள்? பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஃபைனல்ஸில் யார் ஆடலாம்? மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் இதையே வேறு மாதிரி செய்தபோது என்ன ஆனது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிற வழிகளில் தனி ரிசர்வ் அணிதான் உள்ளூர் கிளப்புக்குக் குறைந்த சேதம் தருவது. ஆனால் டாப்-அப் வீரர்கள் (ஏஎஃப்எல் பட்டியலில் இல்லாமல், காலி இடத்தை நிரப்ப வரும் உள்ளூர் ஆட்கள்) விதி, ஃபைனல்ஸ் தகுதி விதி இரண்டும் இறுக்கமாக இருந்தால்தான் அது நிற்கும்.

#2 – பட்டியல்கணக்கு

வாரக் கணக்கு இதோ.

ஒரு ஏஎஃப்எல் கிளப்பின் ஒப்பந்த வீரர் பட்டியலில் ரூக்கிகளையும் (பயிற்சிநிலைப் புதியவர்கள்) சேர்த்து ஏறத்தாழ 42 முதல் 44 பேர். இப்போதைக்கு 44 என்று வையுங்கள். ஏஎஃப்எல் ஆட்டத்துக்கு 23 பேர் போனால் மிச்சம் 21. காயம், மூளையதிர்ச்சி, முதுகு வலி, பருவத்துக்கு முன்பே அறுவை சிகிச்சை என்று சாதாரண வாரத்திலேயே ஏழெட்டுப் பேர் வெளியே. இப்போது 13, 14. ஏஎஃப்எல் அணி விமானம் ஏறுகிற வாரமென்றால் எமர்ஜென்சியாக (கடைசி நேரத்தில் யாராவது விலகினால் இறங்கும் மாற்று ஆளாக) ஒருவரோ இருவரோ கூடவே போவார்கள். கடைசியில் 12 பேர் கையில் நிற்பார்கள். மீதிப் பத்து இடமும் டாப்-அப் வீரர்களுக்கு.

ஏப்ரலில் 17, 18 பட்டியல் வீரர்களோடு வருகிற அதே அணி ஜூலையில் ஒன்பது பேரோடு வரும். ஜெர்சி ஒன்று, அணி வேறு. உள்ளூர் கிளப்புகளின் எரிச்சல் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பலமான எதிரணியைப் பற்றி அவர்கள் குறை சொல்வதில்லை. எந்த வாரம் எந்த அணி வரும் என்று தெரியாததுதான் தொல்லை. பத்து அணி, 18 சுற்று, ஒவ்வொருவரோடும் இரண்டு முறை. குரோஸை ஏப்ரலில் சந்தித்தவருக்கும் ஜூலையில் சந்தித்தவருக்கும் ஒரே நியாயம் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அட்டவணையில் சமமாக நிற்கும் அணிகளைப் பிரிக்கிற சதவீதத்தை எஸ்ஏஎன்எஃப்எல்-இல் போடும் முறை வேறு. ஏஎஃப்எல்-இல் அடித்த புள்ளியை வாங்கிய புள்ளியால் வகுப்பார்கள். இங்கே அடித்ததை, அடித்ததும் வாங்கியதும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்பார்கள். 100–60 என்று ஜெயித்தால் அங்கே 166.7, இங்கே 62.5. மெலிந்துபோன ரிசர்வ் அணியை ஒருவர் நொறுக்கினால் அந்த ஒரு ஆட்டத்தின் பாதிப்பு எஸ்ஏஎன்எஃப்எல் அட்டவணையில் கொஞ்சம் அமுங்கும். ஃபைனல்ஸுக்குப் போகும் கடைசி இடமான ஐந்தாம் இடத்துக்கான போட்டியில் அதுவே போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் உதவுகிறது.

#3 – பவுண்டரிகோடு

#2-க்கு ஒரு சேர்க்கை. பத்துப் பேர் குறைகிறார்கள் என்பதோடு, எந்த இடத்தில் குறைகிறார்கள் என்பதும் முக்கியம். ஏஎஃப்எல் அணியின் முதல் ரக் வீரருக்கு (நடுவர் போடும் பந்துக்கு எகிறித் தட்டுகிற உயரமானவர்) காயம் என்றால் இரண்டாமவர் மேலே போவார். ரிசர்வில் 19 வயதுப் பையன் ஒருவன் தனியாக ரக் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் டாப்-அப் ஒருவரைத் தேட வேண்டும். உயரமான, உடம்பு முற்றிய ரக் வீரர் சும்மா கிடைப்பதில்லை. அப்படி ஒருவர் இருந்தால் எட்டுக் கிளப்பில் ஏதோ ஒன்று ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருக்கும். ரக் இல்லாவிட்டால் நடுக்களத்துக்கு முதல் பந்து கிடைக்காது. பட்டியலில் இருக்கிற இளம் மிட்ஃபீல்டர்களுக்கு அந்த ஆட்டமே வீண். ரிசர்வ் அணி தேர்வில் முதலில் நிரப்ப வேண்டியது ரக், அடுத்தது உயரமான டிஃபெண்டர். சிறிய ஃபார்வர்டுகளுக்குப் பஞ்சமே வராது.

#4 – அல்பர்ட்டன்வேலி

போர்ட் ஆதரவாளனாக எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் சூடாக இருக்கும்.

போர்ட் 1870-இல் தொடங்கிய கிளப். இந்த லீக்கில் 36 பிரீமியர்ஷிப். 1997-இல் பவர் என்ற பெயரில் ஏஎஃப்எல் போனது. இந்த லீக்கில் ஆடிய பழைய அணியான மாக்பைஸ் தனி அமைப்பாக இங்கேயே இருந்தது. 2010 இறுதியில்தான் இரண்டும் மறுபடி ஒன்றாயின. 2014-இல் மாக்பைஸ் ரிசர்வ் அணி ஆனது. குரோஸ் புதிதாக உள்ளே வந்த அணி, அவர்களுக்கு இழக்க எதுவும் இல்லை. எங்கள் கதை வேறு: இருந்த கிளப்பையே கொடுத்துவிட்டு உள்ளே வந்தோம். இளையோரைச் சேர்க்கும் பகுதி போயிற்று, கீழ்வயது அணிகள் போயின. போர்ட்டின் சொந்த ஊரான அல்பர்ட்டனைச் சுற்றி வளர்கிற ஒரு பையன் மாக்பைஸின் கீழ் அணியிலிருந்து படிப்படியாக மேலே வரும் பாதை இன்று இல்லை. கருப்பு வெள்ளைச் சிறைக்கம்பி ஜெர்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"ஏஎஃப்எல் பணத்தில் கோப்பை வாங்குகிறார்கள்" என்பவர்களுக்குப் பதில். 2014 கிராண்ட் ஃபைனலில் நார்வுடிடம் 4 புள்ளியில் தோற்றோம். 2017-இல் ஸ்டர்டிடம் 1 புள்ளியில். 2019-இல் கிளெனெல்கிடம் 28 புள்ளியில். குரோஸ் 2025 வரை கிராண்ட் ஃபைனலுக்கே வரவில்லை. 2014-க்குப் பிறகு ஒரு ரிசர்வ் அணிகூட இந்த லீக்கில் கோப்பை தூக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

#5 – பெர்த்பார்வை

#4-இன் கடைசி வரிதான் இந்த இழையின் மையம் என்பேன். மேற்கில் நிலைமை நேர் எதிர்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் மாநில லீக்கான டபிள்யூஏஎஃப்எல்-இல் 2014-இல் ஹோஸ்ட் கிளப் முறை வந்தது. அங்கே உள்ள இரண்டு ஏஎஃப்எல் கிளப்புகளில் மிஞ்சிய வெஸ்ட் கோஸ்ட் வீரர்கள் எல்லாரும் ஈஸ்ட் பெர்த்துக்கு, ஃப்ரீமேண்டில் வீரர்கள் எல்லாரும் மாண்டுராவில் இருக்கும் பீல் தண்டருக்கு. பீல் 1997-இல் லீக்குக்குள் வந்த கிளப். 2016 வரை ஒரு கோப்பை கிடையாது. ஃப்ரீமேண்டில் வீரர்கள் நிறைந்த அணியோடு 2016-இல் முதல் கோப்பை, 2017-இல் அடுத்தது. இரண்டு முறையும் தோற்றது சுபியாக்கோ. பிறகு 2024-இலும் பீல்.

ஏன் இங்கே முடிந்தது, அடிலெய்டில் முடியவில்லை? ஹோஸ்ட் கிளப்புக்கு இரண்டு ஊற்று. ஒன்று ஏஎஃப்எல் பட்டியலில் மிஞ்சியவர்கள். இன்னொன்று தன் சொந்த முழுக் கிளப்: சொந்த ரிசர்வ், கோல்ட்ஸ் (இளையோர் அணி), ஆட்சேர்ப்புப் பகுதி, பல வருடம் சேர்ந்து ஆடிய மூத்த வீரர்கள். பட்டியல் மெலிந்த வாரத்தில் அந்தப் பத்து இடத்தை உண்மையான லீக் வீரர்கள் நிரப்புவார்கள். தனி ரிசர்வ் அணிக்கு அந்த இரண்டாம் ஊற்று இல்லை. ஹோஸ்ட் கிளப்பின் பலவீனமான வாரமே தனி அணியின் நல்ல வாரத்துக்கு ஈடாக இருக்கும்.

இதற்கு விலையும் உண்டு. ஹோஸ்ட் கிளப்பில் பத்து வருடம் பயிற்சிக்கு வந்த உள்ளூர்ப் பையன், ஏஎஃப்எல் கிளப்பில் காயம் குறைந்த வாரத்தில் தன் இடத்தை இழந்து கீழே போவான். அடுத்த வாரம் மறுபடி மேலே. பயிற்சியாளர் தேர்வு செய்த அணி என்று ஒன்று இருக்காது. ஈஸ்ட் பெர்த் கூட்டு 2018-ஓடு முடிந்தது. 2019-இல் வெஸ்ட் கோஸ்ட் தன் சொந்த அணியை இறக்கியது. கீழே ரிசர்வும் இல்லை, கோல்ட்ஸும் இல்லை. அதற்குப் பிறகு வெஸ்ட் கோஸ்ட் பட்டியலில் காயம் குவிந்த பருவங்களில் அந்த அணி பட்ட அடியைப் பார்த்தவர்களுக்கு #2-இல் உள்ள கழித்தல் கணக்கு நன்றாகவே விளங்கும்.

#6 – கோல்கம்பம்

@பெர்த்பார்வை, இதைத்தான் தேடினேன். ஆக, அடிலெய்டில் கோப்பை போகாததற்குக் காரணம் விதி. ஏஎஃப்எல் கிளப்புகளின் திறமைக்குறைவு அல்ல. பகுதி இல்லை, கீழ் அணி இல்லை, டாப்-அப் வீரர்களை எட்டுக் கிளப்புகளின் முதல் வரிசையிலிருந்து இழுக்க முடியாது. அந்தப் பூட்டுகள் போட்ட வேலை அது.

#7 – வீரன்வடக்கு

பூட்டு, பூட்டு என்கிறீர்கள். அந்தப் பூட்டால் அடிபடுவது யார்? டாப்-அப் பையன்கள்தான். அவர்கள் பக்கத்தையும் எழுதுங்கள்.

பட்டியல் வீரர்களுக்குக் கால்பந்துதான் முழுநேர வேலை, பகலில் பயிற்சி. டாப்-அப் வீரன் தச்சனோ, மின்சாரப் பணியாளனோ, கல்லூரி மாணவனோ. மாலையில்தான் வர முடியும். வாரத்தில் ஒரு முறையாவது இரண்டு கூட்டமும் ஒன்றாகப் பயிற்சி செய்தால் பெரிய விஷயம். ஏஎஃப்எல் அணியின் தடுப்பு வியூகம், கிக்-இன் அமைப்பு, பந்து இழந்ததும் யார் எந்த இடத்துக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் பட்டியல் வீரருக்குத் தினசரி பாடம். டாப்-அப் வீரனுக்கு வீடியோவும் ஒரு மாலையும்தான். பின்வரிசையில் ஒருவன் அரை நொடி தாமதமாக நகர்ந்தால் அங்கே ஓட்டை. மூன்றாம் கால்பகுதியில் ரிசர்வ் அணிகள் திடீரென ஐந்து கோல் விட்டுக்கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடல் தகுதியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பிசகுவது வியூகம்தான்.

இன்னொன்று: தேர்வு ஆகாத வாரத்தில் அவனுக்கு ஆட இடமில்லை. எட்டுக் கிளப்பில் என்றால் சொந்த ரிசர்வ் அணிக்குப் போவான். இங்கே அந்த மாடி இல்லை. அடிலெய்ட் ஃபுட்டி லீக்கிலோ ஊர்ப்புற லீக்கிலோ ஒரு கிளப்பில் ஆட ஏற்பாடு இருக்க வேண்டும். ஏஎஃப்எல் அணியில் கடைசி நேர மாற்றம் வந்தால் சனிக்கிழமை காலை ஒரு தொலைபேசி அழைப்பில் அவன் சனிக்கிழமை முழுக்க மாறிவிடும்.

#8 – புதுமுகம்_ஃபுட்டி

ஒரு அடிப்படைச் சந்தேகம். எமர்ஜென்சி வீரர்கள் அன்றைக்கு ரிசர்வில் ஆடிவிட்டு, தேவைப்பட்டால் ஏஎஃப்எல்-க்கும் போக முடியாதா?

#9 – பவுண்டரிகோடு

தம்பி, நேரத்தை வைத்துப் பார். மாலை ஏழரைக்கு ஏஎஃப்எல், பிற்பகல் இரண்டுக்கு எஸ்ஏஎன்எஃப்எல் என்றால், ரிசர்வில் முழு ஆட்டம் ஓடியவனை மாலையில் இறக்கினால் தொடைத்தசை கிழியும். அதனால் ஒன்று ரிசர்விலிருந்து விலக்குவார்கள், இல்லாவிட்டால் முதல் பாதியோடு எடுத்துவிடுவார்கள். அடிலெய்ட் ஓவலில் ஏஎஃப்எல் ஆட்டத்துக்கு முன்னால் ரிசர்வ் ஆட்டம் நடக்கிற நாளில் இது இன்னும் நெருக்கடி. ஏஎஃப்எல் ஞாயிறு மெல்போர்னில், ரிசர்வ் சனி அடிலெய்டில் என்றால் பேச்சே இல்லை. எமர்ஜென்சி ஆள் விமானத்தில்.

ரிசர்வ் ஆட்டம் ஏஎஃப்எல் ஆட்டத்துக்கு மறுநாள் என்றால் மட்டும் எல்லாருக்கும் வசதி. தேவைப்படாத எமர்ஜென்சி மறுநாள் முழு ஆட்டம் ஆடலாம். அட்டவணை போடுகிறவர்கள் கையில் இருக்கிற மலிவான மருந்து இதுதான்.

#10 – டண்டினோங்_மாமா

பெஞ்ச் கணக்கையும் ஒருக்கால் பாருங்கோ. ரிசர்வ் அணிக்கு இது பெரிய இடி, ஆனால் ஒருத்தரும் எழுதுறதில்லை.

கால்பகுதி 20 நிமிஷம் எண்டாலும் டைம்-ஆன் (ஆட்டம் நிண்ட நேரத்தைக் கூட்டுறது) சேர்த்தால் 30 கிட்ட வரும். ஆட்டம் முழுக்க 120 நிமிஷம் எண்டு வையுங்கோ. களத்தில 18 பேர், ஆக 2160 ஆள்-நிமிஷம். 22 பேர் சமமாய்ப் பிரிச்சால் ஆளுக்கு 98. இனி, காயத்திலிருந்து திரும்புற மூண்டு பேருக்கு மருத்துவர் 60 நிமிஷம்தான் எண்டு எல்லை போட்டிருக்கிறார். அவையள் சேர்ந்து 180. ஒருத்தன் 20 நிமிஷத்தில கணுக்கால் சுளுக்கி வெளியே. மிச்சம் 1960 நிமிஷத்தை 18 பேர் இழுக்கவேணும்: ஆளுக்கு 109. அதாவது எல்லாரும் 91 சதவீத நேரம் களத்தில. மாலைப் பயிற்சி மட்டும் செய்த பையனுக்கு அது தாங்காது. கடைசிக் கால்பகுதியில ஓடேலாமல் நிக்கிறது அதாலதான்.

உள்ளூர் கிளப் இப்பிடி மூண்டு பேரை ஒரே நாளில திரும்பக் கொண்டுவராது. ரிசர்வ் அணிக்கு வேற வழி இல்லை, ஏனெண்டால் அதின்ர வேலையே அது. வெற்றி இரண்டாவது. மூளையதிர்ச்சி வந்தவருக்கு ஏஎஃப்எல் விதிப்படி 12 நாள் கழியாமல் ரிசர்விலும் ஆடேலாது. காயத்துக்கு எல்லை நிமிஷம் உண்டு, தலைக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. அதைக் குழப்பக் கூடாது.

#11 – பட்டியல்கணக்கு

@டண்டினோங்_மாமா, அருமை. 109 என்ற எண்ணை இனி யாரும் மறக்க மாட்டார்கள்.

விக்டோரியாவையும் தொட்டுவிடலாம். அங்கே ஏஎஃப்எல் கிளப்புகளுக்கென்று இருந்த ரிசர்வ் போட்டி 1999-ஓடு முடிந்து, 2000-இல் எல்லாம் விக்டோரியாவின் மாநில லீக்கான விஎஃப்எல்-க்குள் வந்தன. பல கிளப்புகள் கூட்டுச் சேர்ந்தன: ஹாதோர்ன்–பாக்ஸ் ஹில், ரிச்மண்ட்–கோபர்க், காலிங்வுட்–வில்லியம்ஸ்டவுன், எஸெண்டன்–பெண்டிகோ, கார்ல்டன்–நார்தர்ன். பிறகு இவற்றில் ஹாதோர்ன் தவிர மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்று தனி அணி வைத்தன. கூட்டு முறியும்போது அடி விழுவது உள்ளூர் பக்கத்துக்கு. எஸெண்டன் 2012-ஓடு விலகியது. பெண்டிகோ 2014-ஓடு லீக்கை விட்டே போனது. 2020-இல் கார்ல்டன் விலகியபோது நார்தர்ன் மூடப்படும் நிலைக்கு வந்து, 2021-இல் புல்லண்ட்ஸ் என்ற பழைய பெயரில் எழுந்தது.

கோப்பைகளைப் பாருங்கள். ஃபுட்ஸ்க்ரே 2014, 2016, 2025, ரிச்மண்ட் 2019, கோல்ட் கோஸ்ட் 2023. எல்லாம் தனி ரிசர்வ் அணிகள். அதாவது "தனி அணி என்றாலே கோப்பை வராது" என்ற முடிவும் தவறு.

#12 – பெர்த்பார்வை

#11-இன் கடைசிப் பத்தி என் வாதத்தில் ஓட்டை போடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விஎஃப்எல்-இல் பெரும்பான்மை அணிகள் ஏஎஃப்எல்-ஐச் சேர்ந்தவையே. 2021-இல் கிழக்குக் கரையின் என்இஏஎஃப்எல் கலைந்து சிட்னி, ஜிடபிள்யூஎஸ், பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட் ரிசர்வ்களும் அதற்குள் வந்துவிட்டன. வில்லியம்ஸ்டவுன், வெரிபீ, போர்ட் மெல்போர்ன், சவுத்போர்ட் போன்ற தனிக் கிளப்புகள் சிறுபான்மை. யாரோ ஒரு ரிசர்வ் அணி காயம் குறைவாக ஃபைனல்ஸ் மாதமான செப்டம்பரைச் சந்திக்கும் வாய்ப்பு அங்கே பல மடங்கு. எஸ்ஏஎன்எஃப்எல்-இல் எட்டுக்கு இரண்டு. அந்த விகிதம் இருக்கிற வரைக்கும் அது கிளப்புகளின் லீக்.

#13 – அல்பர்ட்டன்வேலி

அப்படியென்றால் எங்கள் இரண்டு அணியையும் விஎஃப்எல்-க்கு அனுப்பிவிடலாம் என்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாநிலம் தாண்டிப் பயணம். டாப்-அப் பையன் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். 22 வீரர், பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், தண்ணீர் தூக்குகிறவர் எல்லாருக்கும் விமானம், விடுதி. எமர்ஜென்சி பிரச்சினை இரண்டு மடங்கு: ஏஎஃப்எல் அணி பெர்த்தில், ரிசர்வ் மெல்போர்னில். ஆட்டத்தரம் கூடும், சரி. ஆனால் நார்வுட் ஓவலின் ஒடுக்கமான களத்தில், வேலிக்குப் பக்கத்தில் நிற்கிற கூட்டத்தின் சத்தத்தில், 30 வயது முரட்டு டிஃபெண்டரிடம் 19 வயதுப் பையன் கற்றுக்கொள்வதை இன்னொரு ரிசர்வ் அணி தராது. அந்தப் பள்ளிக்கூடத்தை விடக் கூடாது.

#14 – வீரன்வடக்கு

2014-க்கு முந்தைய முறைக்கே திரும்பினால் என்ன? தெற்கு ஆஸ்திரேலிய வீரன் தன் பழைய கிளப்பில் ஆடினான். வெளி மாநில வீரர்களை மினி-டிராஃப்ட் மூலம் கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கூட்டமும் வந்தது, உள்ளூர்ப் பையனுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஏஎஃப்எல் வீரனும் கிடைத்தான்.

#15 – கோல்கம்பம்

நெஞ்சுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் ஏஎஃப்எல் கிளப்புகள் ஏன் அதை விட்டு ஓடின என்று யோசியுங்கள். டிஃபெண்டராக வளர்க்கிற பையனை உள்ளூர்ப் பயிற்சியாளர் ஃபார்வர்டாக நிறுத்துவார், ஏனென்றால் அவருக்கு அந்த வாரம் கோல் வேண்டும். அவர் மேல் தப்பில்லை, அவருடைய வேலை வெல்வது. ஒன்பது கிளப்பில் ஒன்பது வியூகம். 60 நிமிட எல்லை போட்ட வீரனை இறுக்கமான ஆட்டத்தில் 80 நிமிடம் வைத்துக்கொண்டால் யார் கேட்பது? இரண்டு ஏஎஃப்எல் கிளப்பும் திரும்பி அந்த வழிக்கு வரப்போவதில்லை. கையில் இருக்கிற முறையைத் திருத்துவதுதான் ஆகிற காரியம்.

நான் கேட்பது மூன்று. வியாழன் அணி அறிவிப்பில் பட்டியல் வீரர் எத்தனை, டாப்-அப் எத்தனை என்று பிரித்துப் போடட்டும். எதிரணிப் பயிற்சியாளருக்கும் டிக்கெட் வாங்குகிறவருக்கும் அது தெரிய வேண்டும். ஃபைனல்ஸ் தகுதிக்கு, அந்தப் பருவத்தில் இந்த லீக்கில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை உண்மையான வடிகட்டியாக வைக்கட்டும். ஏஎஃப்எல் அணி செப்டம்பருக்கு வராத வருடத்தில் முதல் அணி வீரர்கள் கூட்டமாகக் கீழே இறங்கும் ஆபத்து அதில்தான் அடைபடும். மூன்றாவது, டாப்-அப் எண்ணிக்கை எட்டைத் தாண்டும் வாரத்தில் மட்டும், எட்டுக் கிளப்புகளின் ரிசர்வில் ஆடுகிறவர்களிலிருந்து ஒரு வாரக் கடனாக வீரர் எடுக்க அனுமதி, அவருடைய கிளப் சம்மதித்தால் மட்டும்.

#16 – பவுண்டரிகோடு

முதல் இரண்டுக்கும் என் ஓட்டு. மூன்றாவது வேண்டாம். கடன் வாங்கிய பையன் தன் சொந்தக் கிளப்புக்கு எதிராகவே அந்த வாரம் ஆட வேண்டி வந்தால்? அந்தக் கிளப்பின் ரிசர்வ் அணி ஒரு ஆள் குறைந்து நிற்பதற்கு யார் ஈடு? 2020-இல் ஏஎஃப்எல் தன் வீரர்களை மாநில லீக்குகளில் ஆட விடவில்லை, இரண்டு அணிகளும் இல்லாமல் எட்டுக் கிளப்பே பருவத்தை முடித்தன. லீக் அப்போதும் நின்றது. ரிசர்வ் அணியின் ஆள்பஞ்சத்தைத் தீர்க்கிற பொறுப்பை எட்டுக் கிளப் தலையில் கட்டக் கூடாது. ஏஎஃப்எல் கிளப்புகளே டாப்-அப் ஒப்பந்தங்களைக் கூட்டி, குறைந்தது இரண்டு முற்றிய ரக் வீரர்களை ஊர்ப்புற லீக்கிலிருந்து பருவம் முழுக்கப் பிடித்து வைக்கட்டும்.

#17 – டண்டினோங்_மாமா

ரக் யோசினை நல்லது. அதோட ஒரு சின்ன விஷயம்: கடைசியாய் உதைச்சோ கையால அடிச்சோ பந்தை வெளியே விட்டவருக்கு எதிராய் ஃப்ரீ கிக் குடுக்கிற அவுட்-ஆஃப்-பவுண்ட்ஸ் விதி எஸ்ஏஎன்எஃப்எல்-இல 2016 தொடக்கம் இருக்கு. அந்த விதியால பவுண்டரி த்ரோ-இன் (கோட்டில நிண்டு நடுவர் பந்தை உள்ளே எறியிறது) குறையும், அதால ரக் மோதலும் குறையும். இளம் ரக் பையனைத் தனிய விடுறதால வாற சேதம் இங்க கொஞ்சம் கம்மி. ஆனால் அதே பையன் மேலே போகேக்க த்ரோ-இன் அனுபவம் குறைவாய்த்தான் போவான். அதைப் பயிற்சியில தனியாய் எடுத்து ஈடு கட்டவேணும். கிழமைக்கு ஒரு அமர்வில எதிர்ல ஒரு பாரமான ஆளை நிப்பாட்டி இருபது த்ரோ-இன் செய்தால் போதும்.